டிரெஸ் கோடில் மத அடையாளமும் கொள்கை பேட்ஜும்: விதியை எப்படி எழுதுவது?

கேள்வி: பணிமேசை

வணக்கம். நிறுவனத்தின் உடை விதிகளைப் புதிதாக எழுதும் பொறுப்பு எங்கள் ஹெச்.ஆர். குழுவிடம் வந்திருக்கிறது. ஒரே வளாகத்தில் நான்கு வகை வேலை நடக்கிறது: வரவேற்பு மேசை, கணக்கு மற்றும் ஐ.டி. அலுவலகம், லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறை, பெயின்ட் பிரிவு. இப்போதுள்ள விதி ஒரே வரிதான்: "நேர்த்தியான, பணியிடத்துக்கு ஏற்ற உடை."

முடிவெடுக்க வேண்டியவை இவை. பட்டறையில் ஹிஜாப் அணிந்து வேலை செய்ய ஒருவர் கேட்கிறார். பெயின்ட் பிரிவில் மத நம்பிக்கைப்படி தாடி வைத்திருப்பவருக்கு மாஸ்க் பொருந்தவில்லை. மின் பராமரிப்பில் இருக்கும் ஒரு சீக்கியர் கையில் உள்ள இரும்புக் கடாவை (மத வழக்கப்படி அணியும் வளையம்) கழற்ற மாட்டேன் என்கிறார். வரவேற்பு மேசையில் ஒருவர் சூழலியல் முழக்கம் எழுதிய பேட்ஜ் குத்தியிருக்கிறார். இன்னொருவர், நிறுவனம் கொடுத்த பிரசார டி-ஷர்ட்டைப் போட மனசாட்சி ஒப்பவில்லை என்கிறார்.

"எந்த அடையாளமும் வேண்டாம் என்று மொத்தமாகத் தடை போட்டுவிட்டால் யாருக்கும் பாரபட்சம் இல்லையே" என்பது நிர்வாகத்தின் யோசனை. இது நிற்குமா? சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது தெரியும். எங்கும் பொருந்தக்கூடிய அடிப்படையும், விதியில் எழுதக்கூடிய வாசகமும் கிடைத்தால் உதவியாக இருக்கும்.


பதில்: சட்டக்கோல்

மொத்தத் தடை எழுதுவதற்குச் சுலபம், காப்பாற்றுவதற்குக் கடினம். ஏன் என்று சொல்கிறேன்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 18வது பிரிவு இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று நம்பிக்கை வைத்திருப்பது, மற்றொன்று அதை வெளிக்காட்டுவது. முதலாவதில் யாரும் கைவைக்க முடியாது. இரண்டாவதற்கு வரம்பு போடலாம், ஆனால் அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அவசியமாகவும் இருக்க வேண்டும். 1993-ல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு வெளியிட்ட 22வது பொதுக் கருத்துரை, தனித்துவமான உடையும் தலைமறைப்பும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. இது அரசுகளைக் கட்டும் ஏற்பாடு. தனியார் முதலாளியிடம் உள்நாட்டுச் சட்டம் வழியாகத்தான் வந்து சேரும். வேலைவாய்ப்புக்கென்றே உள்ளது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 1958-ம் ஆண்டு 111வது உடன்படிக்கை. மதம், அரசியல் கருத்து இரண்டின் பேரிலும் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டு, குறிப்பிட்ட வேலைக்கு உள்ளபடியே தேவைப்படும் தகுதியை மட்டும் விலக்குகிறது. நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் "இந்த வேலைக்கு இது ஏன் தேவை" என்று ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள்.

நிர்வாகம் கேட்கும் 'நடுநிலை' விதியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்தான் அதிகம் அலசியிருக்கிறது. 2017 மார்ச் 14-ல் வந்த அக்பிதா தீர்ப்பு, எல்லா மத, அரசியல், தத்துவ அடையாளங்களையும் ஒரேபோல விலக்கும் விதி நேரடிப் பாகுபாடு ஆகாது என்றது. உடனே நிபந்தனைகளும் வந்தன. விதி சீராகவும் முறையாகவும் அமலாக வேண்டும், வாடிக்கையாளரை நேரில் சந்திப்பவர்களுக்கு மட்டும் பொருந்த வேண்டும், வேலைநீக்கத்துக்கு முன் வாடிக்கையாளர் கண்ணில் படாத வேறு பணி கொடுக்க முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும். அதே நாளில் வந்த புக்னாவி தீர்ப்பு, வாடிக்கையாளர் ஹிஜாபை விரும்பவில்லை என்பது வேலையின் தேவை ஆகாது என்று முடித்துவிட்டது.

2021 ஜூலை 15-ல் வந்த வாபே, முல்லர் வழக்குகளின் தீர்ப்பு இன்னும் இறுக்கியது. நடுநிலை வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதாது, உண்மையான தேவை இருப்பதை முதலாளி ஆதாரத்தோடு காட்ட வேண்டும். முக்கியமாக, "பெரிதாக, கண்ணில் அறையும்படி உள்ள அடையாளங்கள் மட்டும் கூடாது" என்று எழுதினால் அது நேரடிப் பாகுபாடாகவே ஆகக்கூடும். சட்டைக்குள் போகும் சங்கிலி தப்பித்துக்கொள்ளும், தலையில் இருக்கும் துணி எப்போதும் மாட்டிக்கொள்ளும். எனவே நடுநிலை வேண்டுமென்றால் மிகச் சிறிய டாலர்கூட வெளியே தெரியக் கூடாது. உங்கள் மேலாளர்களில் எத்தனை பேர் கழுத்திலும் நெற்றியிலும் விரலிலும் மத அடையாளம் இருக்கிறது, அதையெல்லாம் எடுக்கச் சொல்வீர்களா என்று நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்காவில் 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7வது தலைப்பு வேறு கோணம் எடுக்கிறது. மத வழக்கத்துக்கு இடம் கொடுப்பதுதான் இயல்பு நிலை, மறுக்க வேண்டுமானால் முதலாளிதான் காரணம் காட்ட வேண்டும். ஆபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடை நிறுவனத்தின் வழக்கில் 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரர் வாய்திறந்து சலுகை கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது என்றது. அந்த வழக்கத்துக்கு இடம் தருவதைத் தவிர்ப்பதற்காகவே வேலை மறுத்திருந்தால் அதுவே மீறல். எவ்வளவு சிரமம் இருந்தால் மறுக்கலாம் என்பதை 2023-ன் கிராஃப் தீர்ப்பு உயர்த்திவிட்டது. 1977 முதல், அற்பச் செலவைத் தாண்டினாலே மறுக்கலாம் என்று நடைமுறையில் கொள்ளப்பட்டு வந்தது. இப்போது அந்தக் குறிப்பிட்ட தொழிலைப் பொறுத்துக் கணிசமான கூடுதல் சுமை வர வேண்டும். சக ஊழியரோ வாடிக்கையாளரோ மதத்தின் மேல் காட்டும் வெறுப்பு அந்தக் கணக்கில் சேராது.

அரசு அலுவலகம் என்றால் நிலை வேறு. பிரான்சில் அரசு ஊழியர் பணியில் மத அடையாளம் எதையும் அணிய முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2019 முதல் அரசு வழக்கறிஞர், காவலர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றவர்களுக்கு மத அடையாளத் தடை இருக்கிறது. இவை அரசின் நடுநிலை என்ற கோட்பாட்டில் நிற்பவை. அதைக் கொண்டுவந்து தனியார் பட்டறையில் ஒட்டினால் ஒட்டாது.

உங்கள் குழு ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரம் ஒதுக்கினால், அது 2013 ஜனவரி 15-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தந்த எவெய்டா தீர்ப்பாக இருக்கட்டும். விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியர் ஒருவர், மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், இருவரும் கழுத்தில் சிலுவை அணிந்தவர்கள். முதலாமவர் வென்றார். நிறுவனத் தோற்றம் நியாயமான நோக்கம்தான், ஆனால் அதற்கு அளவுக்கு மீறிய எடை தரப்பட்டது, தலைப்பாகையும் ஹிஜாபும் ஏற்கெனவே அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தன, அவற்றால் நிறுவனத்தின் பெயருக்கு எந்தக் கேடும் வரவில்லை. செவிலியர் தோற்றார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், அது திறந்த புண்ணில் படலாம் என்ற காரணம் நின்றது, மாற்று வழிகளும் அவருக்குக் காட்டப்பட்டிருந்தன. உங்கள் வரவேற்பு மேசைக்கும் பட்டறைக்கும் ஒரே விதி ஏன் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.


பதில்: ஆலைக்காவல்

சட்டப் பக்கம் வந்துவிட்டது. பட்டறை, பெயின்ட், மின்சாரம் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். விதியில் மதத்தின் பெயரோ பொருளின் பெயரோ வரவே வேண்டாம், ஆபத்தின் பெயர் வரட்டும். "ஹிஜாப் கூடாது" என்று எழுதினால் கழுத்தில் தொங்கும் ஐ.டி. அட்டையின் நாடாவும், டையும், நீளமான ஜடையும் அதே லேத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதை விதி பார்க்காமல் விட்டுவிடும். "சுழலும் பாகத்தின் அருகே தொங்கும், தளர்ந்த எதுவும் கூடாது" என்று எழுதினால் எல்லாம் அடங்கிவிடும்.

தலைத்துணி. லேத், டிரில் பக்கத்தில் தொங்கும் நுனிதான் ஆபத்து, தலையை மூடியிருப்பது அல்ல. முன்னும் பின்னும் நுனி இல்லாத, குழாய் போல ஒரே துண்டாகத் தைத்த வகை வேண்டும். அதன் அடிப்பகுதி ஓவர்கோட்டின் காலருக்குள் போய்விட வேண்டும். ஊசி, பின் வேண்டாம். இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ இணைப்பு நல்லது. வெல்டிங் பக்கம் என்றால் துணியின் வகையைப் பாருங்கள். நைலானும் பாலியஸ்டரும் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், தீக்காயம் ஆழமாகும். தீ தாங்கும் துணியில் தைத்து நிறுவனமே கொடுப்பதுதான் சரி, ஊழியர் வீட்டிலிருந்து கொண்டுவரும் துணியை நம்பி அங்கே நிறுத்தாதீர்கள். துவைக்கும் முறையையும் கூடவே எழுதிக் கொடுங்கள். குளோரின் பிளீச்சும் ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் அந்தத் துணியின் தீ தாங்கும் தன்மையைக் கெடுத்துவிடும். இரண்டோ மூன்றோ கொடுத்தால்தான் மாற்றி மாற்றி உடுத்த முடியும். ஒன்றே ஒன்று கொடுத்தால், அது ஈரமாக இருக்கும் நாளில் பழைய துணியோடு வந்து நிற்பார்கள்.

ஹெல்மெட் தேவைப்படும் இடம் இருந்தால்: வெளி ஓட்டுக்கும் உள்ளே தலையைப் பிடிக்கும் பட்டைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் துணியை அடைத்தால் அடி நேராக மண்டைக்குப் போகும். பட்டைக்கும் தலைக்கும் நடுவே மெல்லிய, மடிப்பில்லாத உறை இருக்கலாமா என்று ஹெல்மெட் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள். தலைப்பாகைக்குப் பிரிட்டன் தனி வழி எடுத்தது. 1989-ன் வேலைவாய்ப்புச் சட்டம் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குக் கட்டுமானத் தளங்களில் ஹெல்மெட்டிலிருந்து விலக்கு தந்தது, 2015-ல் அது ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்தது. பல நாடுகளில் அப்படி விலக்கு கிடையாது. அங்கே ஆளை ஹெல்மெட் தேவைப்படாத வேலைக்கு மாற்றுவது, அல்லது மேலிருந்து பொருள் விழும் ஆபத்தையே கட்டமைப்பால் அகற்றுவது என்று இரண்டே வழி.

தாடியும் ரெஸ்பிரேட்டரும். இதில் சமரசமே இல்லை, ஆனால் தீர்வு உண்டு. முகத்தோடு ஒட்டி அடைக்கும் எந்த மாஸ்க்கிலும், அடைப்பு விளிம்பின் கீழே முடி வந்தால் காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.134 விதி இதைத் தெளிவாகவே தடுக்கிறது. பட்டையை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மாஸ்க் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்டில் அரை முக மாஸ்க்குக்குக் குறைந்தது 100, முழு முக மாஸ்க்குக்கு 500 என்ற பொருத்த அளவு தேவை. தாடியோடு பரிசோதித்துத் தேறிவிட்டார் என்றாலும் அந்த விதிப்படி அது செல்லாது.

மாற்று என்ன? தளர்வான ஹூட் வகை, மோட்டார் மூலம் வடிகட்டிய காற்றை ஊதும் பி.ஏ.பி.ஆர். முகத்தை ஒட்டி அடைக்காததால் தாடி ஒரு பொருட்டில்லை, ஃபிட் டெஸ்டும் வேண்டியதில்லை. ஓஷா கணக்கில் அரை முக மாஸ்க்கின் பாதுகாப்பு எண் (மாசை எத்தனை மடங்கு குறைக்கும் என்ற அளவு) 10, தளர்வான பி.ஏ.பி.ஆருக்கு 25. அதாவது தாடிக்காரருக்குக் கொடுப்பது குறைந்த பாதுகாப்பு அல்ல, கூடுதல். வாங்கும்போது தவறு நடக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ.பி.ஆரிலேயே முகத்தை ஒட்டும் வகையும் இருக்கிறது. அதை வாங்கினால் பிரச்சினை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். பெயின்ட் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, ஆகவே மோட்டாரும் பேட்டரியும் வெடி அபாயச் சூழலுக்குச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். ஃபில்டர் தூசிக்கு மட்டுமா, கரிம ஆவிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். ஐசோசயனேட் (நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள்) உள்ள இரட்டைக்கலவை பெயின்ட் அடிக்கிறீர்கள் என்றால், குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் ஹூட்டே உகந்தது. அதற்கு சுவாசத் தரக் காற்றுத் தரும் கம்ப்ரஸர் வேண்டும், சாதாரண பட்டறை கம்ப்ரஸரின் காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும்.

"தாடியை எடு, இல்லை வேலையை விடு" என்று சொல்வதற்கு முன், இந்த ஹூட்டின் விலையைக் கேட்டு எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மறுத்தால், அதிகச் செலவு என்ற வாதத்துக்குக் காலே இல்லை.

கடா. மின் பராமரிப்பு பற்றிய ஓஷாவின் 1910.333 விதி, மின்சாரம் ஓடும் திறந்த பாகத்தில் படக்கூடிய உலோக வளையம், மோதிரம், கைக்கடிகாரப் பட்டை, சங்கிலி எல்லாவற்றையும் தடுக்கிறது. அதே விதி, மூடியோ சுற்றியோ மின்காப்பு செய்துவிட்டால் அணியலாம் என்றும் சொல்கிறது. எனவே கடாவை முன்கையில் மேலே தள்ளி, நகராதபடி கட்டி, மேலே மின்னழுத்தத்துக்குத் தகுந்த, கை நீளம் உள்ள ரப்பர் கையுறையும் அதற்கு மேல் தோல் கையுறையும் அணியலாம். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள், வியர்வையில் பிரிந்துவிடும். முடிந்தவரை மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, மீட்டரால் சரிபார்த்துவிட்டு வேலை செய்வதே முதல் பாதுகாப்பு, அப்படிச் செய்தால் கடா பற்றிய கேள்வியின் பாதி மறைந்துவிடும். ஆனால் சுழலும் எந்திரத்தில் கை வைக்கும் வேலைக்கு இது பொருந்தாது. அங்கே வளையமும் கையுறையும் இரண்டுமே சிக்கும்.

மருத்துவப் பணியிடங்களில் இதே பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்பதையும் பாருங்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்ற பிரிட்டன் மருத்துவமனை விதி, கைகழுவலுக்காக வந்தது. 2010-ல் வந்த வழிகாட்டுதல் கடாவை மேலே தள்ளிக் கட்டிக்கொள்ளவும், கையை மறைக்க விரும்புவோர் முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் உள்ள, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறை போன்ற உறை போட்டுக்கொள்ளவும் வழி சொன்னது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 1 முதல் அரசு மருத்துவத் துறையின் முஸ்லிம் செவிலியர் சீருடையோடு துடோங் (தலைத்துணி) அணியலாம்.


பதில்: நெசவுக்காரி

டி-ஷர்ட் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் சுருக்கமாக. அணியக் கூடாது என்று தடுப்பதைவிட, அணிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது கனமான தலையீடு. அமெரிக்காவில் குரோகர் என்ற மளிகை நிறுவனத்தின் கடை ஒன்றில் ஏப்ரனில் இருந்த பல வண்ண இதயச் சின்னத்தை இரண்டு ஊழியர்கள் மத நம்பிக்கை காரணமாக மறுத்து, வேலை இழந்தார்கள். வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் அரசின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டு, 2022-ல் 1,80,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தச் சின்னத்துக்கு நிறுவனம் கொடுத்த அர்த்தம் வேறு, ஊழியர்கள் புரிந்துகொண்டது வேறு என்பதுதான் தகராறே. சின்னத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இதில் ஒரே பாடத்தைப் படிக்கலாம். பிரசார டி-ஷர்ட், ரிப்பன், லேன்யார்டு (கழுத்து நாடா) எதுவானாலும் விருப்பமுள்ளவருக்கு மட்டும் என்று எழுதுங்கள். போடாதவரைக் குழுப் படத்தில் ஓரத்தில் நிறுத்துவதும், "ஏன் போடல?" என்று மற்றவர் முன்னால் கேட்பதும் கூடாது என்பதையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். சாதாரண சீருடை, அதில் நிறுவனத்தின் பெயர், அது மட்டும் கட்டாயமாக இருக்கட்டும்.


பதில்: சட்டக்கோல்

பேட்ஜ் பற்றி. "அரசியல் அடையாளம் கூடாது" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எது அரசியல் என்று முடிவு செய்யும் வேலை அப்புறம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் தலையில் விழும். சூழலியல் அரசியலா? தாய்மொழி உரிமை அரசியலா? ரத்ததானம்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் மான்ஸ்கி வழக்கில், வாக்குச்சாவடிக்குள் "அரசியல்" உடை கூடாது என்ற மினசோட்டா மாநிலச் சட்டத்தை, எது உள்ளே எது வெளியே என்று புத்திசாலித்தனமாகப் பிரிக்க வழியில்லை என்ற காரணத்தால் ரத்து செய்தது. அது அரசை எதிர்த்த வழக்கு. உங்கள் நிறுவனத்தை நேரடியாகக் கட்டாது, ஆனாலும் வாசகம் எழுதுபவருக்குப் பயன்படும்.

உள்ளடக்கத்தைப் பார்க்காத விதி எழுதுங்கள்: வரவேற்பு மேசையில் நிறுவனம் தந்த பெயர்ப்பட்டை, அடையாள அட்டை தவிர, எழுத்தோ படமோ உள்ள பேட்ஜ், ஸ்டிக்கர், அச்சிட்ட மேலாடை எதுவும் வேண்டாம். கிரிக்கெட் அணியின் பேட்ஜும் கூடாது, சூழலியல் பேட்ஜும் கூடாது. இதை ஒரு நாள்கூடத் தளர்த்தக் கூடாது. வெற்றி விழாவுக்கு அணி பேட்ஜை விட்டுவிட்டு அடுத்த வாரம் முழக்க பேட்ஜைப் பிடித்தால், விதியின் பொதுத்தன்மை போய்விடும். அமெரிக்க மளிகை நிறுவனமான ஹோல் ஃபுட்ஸின் ஊழியர்கள் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்று எழுதிய முகக்கவசம் அணிந்ததற்காக 2020-ல் நடவடிக்கைக்கு ஆளானபோது, அதுவரை அந்த நிறுவனம் உடை விதியைக் கண்டுகொள்ளாமல் இருந்தது என்பதுதான் அவர்களின் மையக் குற்றச்சாட்டு. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இனப் பாகுபாடாக ஏற்கவில்லை, நிறுவனம் வென்றது. ஆனாலும் தூங்கிக்கொண்டிருந்த விதியைத் திடீரென எழுப்பினால் இப்படித்தான் வழக்கில் போய் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. தொழிற்சங்க பேட்ஜைத் தனியாகப் பாருங்கள். பல நாடுகளில் அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 1945-ன் ரிபப்ளிக் ஏவியேஷன் தீர்ப்பிலேயே அது வந்துவிட்டது. அடுத்து, சில நாடுகளில் மதம் சாராத தத்துவ நம்பிக்கையும் சட்டத்துக்குள் வரும். பிரிட்டனில் 2009-ன் கிரெய்ஞ்சர் தீர்ப்பு, பருவநிலை மாற்றம் பற்றிய ஆழமான நம்பிக்கையும் பாதுகாக்கப்பட்ட நம்பிக்கையாக இருக்கலாம் என்றது. அதற்குத் தேர்வுகளும் வைத்தது: உள்ளபடியே கொண்டிருக்க வேண்டும், அப்போதைய தகவலை ஒட்டிய அபிப்பிராயமாக மட்டும் இருக்கக் கூடாது, வாழ்வின் முக்கியமான ஒரு பகுதியைப் பற்றியதாக இருக்க வேண்டும், தெளிவும் கனமும் இருக்க வேண்டும், மனித கண்ணியத்துக்கு எதிராக இருக்கக் கூடாது. நம்பிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு என்பதால் அதைச் சொல்லும் ஒவ்வொரு பேட்ஜுக்கும் பாதுகாப்பு வந்துவிடாது. எவெய்டா தீர்ப்பு கேட்டது போல, செயலுக்கும் நம்பிக்கைக்கும் நெருக்கமான, நேரடியான தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைத்துணியைக் கழற்றச் சொன்னால் அவர் தன் நம்பிக்கையை மீற வேண்டிவரும். பேட்ஜைக் கழற்றச் சொன்னால் பெரும்பாலும் ஒரு செய்தியை எட்டு மணி நேரம் தள்ளிவைக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் 'மொத்தத் தடை' எனக்கு நியாயமாகப் படவில்லை.


பதில்: பணிமேசை

மிகவும் நன்றி. பேட்ஜுக்கும் மத உடைக்கும் வேறு விதி என்பது இப்போது தெளிவாகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஒருவர் "இது என் மத வழக்கம்" என்றால் அது உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? அந்த மதத்தைச் சேர்ந்த மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை என்று மேலாளர்கள் சொல்கிறார்கள். அப்புறம், கோரிக்கை வந்த நாளிலிருந்து முடிவு வரைக்கும் என்ன செய்வது?


பதில்: கோப்புமணி

மேலாளர்களின் அந்த வாதத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-ல் தாமஸ் வழக்கில், சக மதத்தவர் ஒத்துக்கொள்வது தேவையில்லை, மறைநூலுக்கு விளக்கம் சொல்வது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை என்று சொன்னது. எவெய்டா தீர்ப்பிலும் மதம் அதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டியதில்லை என்றே வருகிறது. மதகுருவிடம் கடிதம் கேட்பது இரண்டு வகையில் தவறு. கடிதம் கிடைக்காதவரைப் பொய்யர் ஆக்குகிறீர்கள், கிடைத்தவரின் நம்பிக்கையை வேறொருவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் அதை உண்மையாகவே கடைப்பிடிக்கிறாரா என்பது மட்டும் உங்கள் கேள்வி. பெரும்பாலான கோரிக்கைகளில் அதையும் கேட்கத் தேவையில்லை, நேராக "எப்படி இடம் கொடுக்கலாம்" என்பதற்குப் போய்விடலாம்.

படிவம் ஒரு பக்கத்துக்குமேல் போகக் கூடாது. என்ன அணிய வேண்டும், எந்த விதியோடு மோதுகிறது, எந்த இடத்தில் எந்த வேலை, ஊழியருக்குத் தோன்றும் மாற்று வழி, அவ்வளவுதான். மதத்தின் பெயருக்குக் கட்டம் வைக்காதீர்கள். படிவமே இல்லாமல் வாயால் சொன்னாலும் கோரிக்கை கோரிக்கைதான். சூப்பர்வைசர் அதைக் கேட்ட அன்றே ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் வழக்குகள் பிறப்பது அங்கேதான்: சூப்பர்வைசர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவார், மூன்று வாரம் கழித்து அதே ஆளுக்கு உடை விதி மீறல் என்று மெமோ போகும்.

கால அளவாக நான் சொல்வது: இரண்டு வேலை நாளில் கிடைத்தது என்று எழுத்தில் பதில், பத்து வேலை நாளில் முடிவு. இடையில் பாதுகாப்பு ஆபத்து இல்லாத இடத்தில் அவர் கேட்டபடியே வேலை செய்யட்டும். ஆபத்துள்ள இடம் என்றால் சம்பளம் குறையாமல் வேறு பணி. சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினால் அதுவே தண்டனை ஆகிவிடும். முடிவுக்கூட்டத்தில் ஊழியர், பாதுகாப்பு அதிகாரி, ஹெச்.ஆர். மூவரும் இருக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி பொருளைக் கையில் எடுத்து, அந்த எந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து "ரிஸ்க்" என்று ஒரே சொல் எழுதிய குறிப்பை எந்தத் தீர்ப்பாயமும் மதிக்காது. மறுத்தால், என்னென்ன மாற்று பார்த்தோம், ஒவ்வொன்றும் ஏன் ஒத்துவரவில்லை, செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். மேல்முறையீடு, முதல் முடிவில் சம்பந்தப்படாத ஒருவரிடம் போகட்டும்.

ஒரு விஷயத்தில் கவனம். "வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்னறைக்கு மாற்றுவது" என்ற யோசனை ஐரோப்பியத் தீர்ப்பில் வந்திருந்தாலும், பல இடங்களில் அது ஆளை ஒதுக்கிவைப்பதாகவே பார்க்கப்படும். அமெரிக்கச் சமவாய்ப்பு ஆணையம் அதை ஏற்பதில்லை. பணி மாற்றம் கடைசி வழியாக இருக்கட்டும், ஊழியர் ஒப்புதலோடு, அதே சம்பளம், அதே பதவி உயர்வு வாய்ப்போடு.

வாசகம் கேட்டிருந்தீர்கள். இப்படித் தொடங்கலாம்:

"இவ்விதிகள் வேலையின் பாதுகாப்பு, சுகாதாரம், அடையாளம் காணல் ஆகிய தேவைகளுக்காக மட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய கட்டுப்பாடும் அதன் காரணமும் இணைப்பில் உள்ளன. மதம் அல்லது ஆழ்ந்த நம்பிக்கை காரணமாக அணியும் உடை, தலைமறைப்பு, தாடி, அணிகலன் ஆகியவை எல்லாப் பிரிவிலும் அனுமதிக்கப்படும். இணைப்பில் குறித்த ஆபத்தோடு மோதினால், அதே பாதுகாப்பைத் தரும் மாற்றை நிறுவனம் தன் செலவில் தேடும். மாற்று இல்லை என்று எழுத்தில் காட்டினால் மட்டுமே கட்டுப்பாடு பொருந்தும். வரவேற்புப் பணியில் நிறுவனம் வழங்கியவை தவிர, எழுத்து அல்லது படம் தாங்கிய பேட்ஜ், ஸ்டிக்கர், அச்சிட்ட மேலாடை அணியலாகாது. அவற்றின் உள்ளடக்கம் எதுவாயினும் இது பொருந்தும். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொழிற்சங்க அடையாளம் இதில் அடங்காது. பிரசாரம் தாங்கிய எந்த உடையையும் அணியுமாறு எவரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள்."

முகத்தை முழுதும் மறைக்கும் உடை உங்கள் பட்டியலில் இல்லை, ஆனாலும் எழுதிவிடுங்கள். நுழைவாயிலில் அடையாளம் பார்க்க வேண்டுமானால் தனி அறையில், அவர் கேட்கும் பாலினத்தவர் முன்னால், ஒரு நிமிடம் முகம் காட்டினால் போதும் என்ற ஏற்பாடு இருக்கட்டும். முகத்தை மறைக்கும் உடைக்கே தனிச் சட்டம் உள்ள நாடுகளில் அந்தச் சட்டத்தைப் பாருங்கள்.


பதில்: ஆலைக்காவல்

கோப்புமணி எழுதியதில் "தன் செலவில்" என்பதை நிர்வாகம் வெட்டப் பார்க்கும், விடாதீர்கள். பாதுகாப்புக் கருவியின் செலவு முதலாளியுடையது என்பது பல நாடுகளில் ஏற்கெனவே சட்டம்.

இணைப்பு எழுதும்போது பிரிவுவாரியாக நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள், பழைய ஆபத்துப் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். லேத்தைச் சுற்றி எத்தனை மீட்டருக்குள் தொங்கும் துணி கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு வெளியே அந்த விதி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் பட்டறை வழியாக நடந்து போகிறார் என்றால், அவருக்கு நடைபாதையை ஒதுக்கிக் கொடுப்பது உடையை மாற்றச் சொல்வதைவிடச் சுலபம்.

புதிய விதி வந்த முதல் மூன்று மாதம் யாருக்கும் மெமோ வேண்டாம். அந்த மூன்று மாதத்தில் எந்தெந்த இடத்தில் விதி உரசுகிறது என்று சூப்பர்வைசர்கள் எழுதி வைக்கட்டும், அதைப் பார்த்து இணைப்பைத் திருத்துங்கள். ஹூட்டும் தீ தாங்கும் தலைத்துணியும் ஆர்டர் போட்டால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், ஆகவே விதி அமலாகும் தேதியை அவை கையில் கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.